தந்தி போன ஊர் வேறு!

தோழனே!

எச்சரிக்கை எழுந்தது; எட்டவேண்டிய செவியை எட்டவில்லை. ஆணை பிறந்தது, போய்ச் சேரவேண்டிய ஊருக்குப் போகவில்லை. ஆணைக்கும் அழிவுக்கும் இடையே இருந்தவை சில மணி நேரங்கள். அவற்றுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவையோ எழுபத்தைந்து உயிர்கள்!

மேடைக்கென்று நான் புனைந்த காட்சியன்று இது. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், கனடா நாட்டிலே, கியூபெக் நகருக்கு அருகே, செயின்ட் லாரன்சு ஆற்றின்மீது நடந்தேறிய உண்மை.

ஞாயிறுதோறும் அரசியல் பேசும் இந்தப் பகுதியிலே, இன்று இரும்பையும் எஃகையும் பற்றிய பேச்சு எதற்கு என்று நீ கேட்கக்கூடும். கேள், தோழனே! உயரத்தில் நின்று உழைப்பவன் ஒருவன். தொலைவில் அமர்ந்து ஆணையிடுபவன் மற்றொருவன். ஆபத்தைக் கண்ணால் காண்பவன் முன்னவன். வேலையை நிறுத்தும் அதிகாரம் படைத்தவன் பின்னவன். காண்பவனுக்கு அதிகாரமில்லை, அதிகாரம் உள்ளவனுக்குக் காட்சியில்லை. இதைவிடப் பெரிய அரசியல் வேறு எது?

உலகிலேயே நீளமான தாங்கலைக் கொண்ட பாலமாக அது எழவேண்டும் என்பது திட்டம். ஸ்காட்லாந்து நாட்டில் 1890-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தின் பெருந்தாங்கல் 1,710 அடி. கியூபெக் பாலத்துக்கு முதலில் குறித்த அளவு 1,600 அடி. பின்னர் அது 1,800 அடியாக உயர்த்தப்பட்டது. இருபுறக் கரைகளிலிருந்தும் நீட்டப்பட்ட இரு பெருங்கைகள் நடு ஆற்றை நோக்கி வளரவேண்டும். அவ்விரு கைகளின்மீது நடுப்பகுதி அமரவேண்டும். வளர்ந்து வருகிற கையின் எடை முழுவதையும், அடிப்புறத்திலுள்ள எஃகு உறுப்புகள் நெருக்குண்டு தாங்கவேண்டும்.

நீளத்தை மாற்றினார்கள், ஆனால், நீளத்துக்கேற்பப் பாலத்தின் சொந்த எடையைத் திரும்பக் கணக்கிடவில்லை. 1906-இல் எடை மிகுந்திருப்பது தெரியவந்தது. அதற்குள் எஃகில் கணிசமான பகுதி ஆலையில் உருவாகிவிட்டது. ஒரு பகுதி களத்தில் ஏறியும்விட்டது. ‘இருக்கட்டும், தாங்கும்’ என்று முடிவெடுத்தார்கள்.

முடிவெடுத்தவர் யார்? தியோடர் கூப்பர் என்னும் ஆலோசகப் பொறியாளர். சாதாரணமானவர் அல்லர். மிசிசிப்பி ஆற்றின்மீது செயின்ட் லூயிசு நகரில் 1874-இல் திறக்கப்பட்ட புகழ்மிக்க பாலம் எழுந்தபோது, இளைஞராகக் களத்திலேயே நின்று பணியைக் கவனித்தவர். கியூபெக் பாலம் எழும்போதோ அறுபதைக் கடந்தவர், உடல்நலம் குன்றியவர். இருந்த இடம் நியூயார்க். 1903-க்குப் பின் அவர் களத்துக்கு வந்ததே இல்லை! எஃகு உறுப்புகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இறுதிச் சொல்லுக்கு உரியவரின் கண் அங்கே இல்லை. அவருடைய கணக்கை அரசின் சார்பில் வேறொருவர் சரிபார்க்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அதையும் அவர் எதிர்த்து நிறுத்திவிட்டார்.

களத்தில் அவர் சார்பில் இருந்தவர் நார்மன் மெக்ளூர். கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர். பார்க்கலாம், அளக்கலாம், எழுதலாம். நிறுத்தலாமா? அந்த உரிமை அவருக்கில்லை. பாலக் கழகத்தின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹோர் அருகிலேயே இருந்தார். பதவி பெரிது, ஆனால், இத்தகைய மாபெரும் பாலத்தைக் கட்டிய பட்டறிவு அவருக்கில்லை. ஆக, அறிவு ஓரிடம், பதவி ஓரிடம், கண் ஓரிடம்!

1907-ஆம் ஆண்டு கோடையிலேயே எஃகு பேசத் தொடங்கிவிட்டது. ரிவெட்டு அடிக்கவேண்டிய துளைகள் ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. ஆகஸ்ட் மாதத்தில் அடிப்புற உறுப்புகள் வளைந்திருப்பது கண்டறியப்பட்டது. 57 அடி நீளமுள்ள ஓர் உறுப்பு முக்கால் அங்குலம் வளைந்திருந்தது. ஆகஸ்ட் 27-இல் மீண்டும் அளந்தார்கள். இரண்டேகால் அங்குலம்! சில நாள்களில் மும்மடங்கு!

என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘ஆலையிலிருந்து வரும்போதே அது அப்படித்தான் வளைந்திருந்தது’ என்றார்கள் கட்டும் நிறுவனத்தார். ‘இல்லை, நான் பார்த்திருக்கிறேன், அளந்திருக்கிறேன்’ என்று மெக்ளூர் வாதாடினார். களத்தின் தலைமை மேலாள் 27-ஆம் நாள் மாலை, பணியை நிறுத்திவைப்பதென்று முடிவுசெய்தார்; மறுநாள் காலை மனத்தை மாற்றிக்கொண்டார். பணி நின்றால் தொழிலாளரிடையே கெட்ட விளைவு ஏற்படும் என்பது ஹோரின் எண்ணம். எண்ணிப் பார், தோழனே! தொழிலாளியின் உயிர் போகுமோ என்று அஞ்சவில்லை. தொழிலாளிக்கு அச்சம் வந்துவிடுமோ என்று அஞ்சினார்கள்!

மெக்ளூர் புகைவண்டி ஏறி நியூயார்க் சென்றார். 29-ஆம் நாள் முற்பகல் கூப்பரைக் கண்டார். கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் கூப்பருக்கு ஆபத்து விளங்கிவிட்டது. பாலத்தின்மீது இனி எடை ஏற்றலாகாது என்று தந்தி அடித்தார். எங்கே? பாலம் இருந்த கியூபெக்கிற்கு அன்று! கட்டும் நிறுவனத்தின் தலைமையகம் இருந்த பென்சில்வேனியா மாநிலத்து பீனிக்ஸ்வில் நகருக்கு! அங்கிருந்து ஆணை களத்துக்குப் பறக்கும் என்று நம்பினார். பறக்கவில்லை. தந்தி பிற்பகலில் வந்தது. மாலை மெக்ளூரும் வந்து சேர்ந்தார். கூடிப் பேசினார்கள். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள்.

மறுநாள் காலை பார்ப்பதற்குப் பாலம் இல்லை. அன்று மாலை ஐந்தரை மணியை ஒட்டி, தென்கரையின் பெருங்கை முழுவதும், ஏறத்தாழ 19,000 டன் எஃகு, பதினைந்தே நொடிகளில் சரிந்தது. பணியில் இருந்தவர் 86 பேர். மாண்டவர் 75 பேர். அவர்களுள் 33 பேர் கானவாகே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மோகாக் குடியினர். அந்த மண்ணின் மூத்த மக்கள். எஃகின் உச்சியில் நடந்து பழகிய வீரர்கள். ஒரே மாலையில் ஓர் ஊரின் வீடுகள்தோறும் ஒப்பாரி. அவர்களின் கல்லறைகளில் எஃகுத் துண்டுகளாலான சிலுவைகளையே நட்டார்கள்!

1908-இல் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. வளைந்த உறுப்பு நான்கு தடித்த பட்டைகளை இணைத்துச் செய்யப்பட்டது. அவற்றைப் பிணைத்திருந்த பின்னல் கம்பிகள் வலுப் போதாதவை என்றது. கணக்கின் பிழையையும் கணித்தவர்களின் பொறுப்பையும் சுட்டியது. களத்தில் தகுதியுடைய அதிகாரி ஒருவர் இல்லாத குறையையும் மறைக்காமல் சொன்னது.

கணக்கின் பிழை பாலத்தைக் கொன்றது, உண்மை. ஆனால், மனிதர்களைக் கொன்றது எது? இரண்டேகால் அங்குலத்தைக் கண்ட பிறகும் 86 பேரை அதன்மேல் ஏற்றியது எது? கணக்கன்று, நிருவாகம்! பாலம் வீழ்வதை ஒருவேளை தடுத்திருக்க முடியாது. ஆட்கள் இறங்குவதை யார் தடுத்தது?

அந்தப் பாலத்துக்கு இரண்டாம் துயரமும் உண்டு. புதிய திட்டத்தில், புதிய எஃகில், மீண்டும் எழுந்தது. 1916 செப்டம்பர் 11-ஆம் நாள், மிதவைகளில் கொண்டுவந்த நடுப்பகுதியை ஜாக்கிகளால் மேலே தூக்கிக்கொண்டிருந்தபோது, மூலையைத் தாங்கியிருந்த வார்ப்பு உறுப்பு உடைந்தது. நடுப்பகுதி ஆற்றில் வீழ்ந்தது. 13 பேர் மாண்டார்கள். 1917-இல்தான் பணி நிறைவேறியது. 1,800 அடித் தாங்கலோடு, தன் வகையில் உலகிலேயே நீளமான பாலமாக இன்றும் அது நிற்கிறது. முதன்முறை பாலமே பிழை. இரண்டாம் முறை, தூக்குவதற்கென்று சில மணி நேரம் பயன்படவேண்டிய ஒரு துணை உறுப்பு பிழை!

இங்கேதான், தோழனே, எஃகுக் களத்தின் மறைபொருள் அடங்கியிருக்கிறது. கட்டி முடித்த எஃகு வேறு. கட்டிக்கொண்டிருக்கும் எஃகு வேறு. நீ மாநாட்டுப் பந்தல் போட்டிருக்கிறாய். முடிந்த பந்தல் பெருங்காற்றுக்கும் அசையாது. ஆனால், முதற்கால் நட்ட நேரத்தில் அதைத் தாங்குவது எது? நான்கு புறமும் இழுத்துக் கட்டிய கயிறும், அதைப் பிடித்திருக்கும் தோழர்களின் கையும் அல்லவா? குறுக்குக் கழி கட்டும்வரை அந்தக் கால் தனி ஆள். கட்டிய பிறகுதான் அது கூட்டத்தில் ஒருவன்.

எஃகுத் தூணும் அப்படியே. அடித்தளக் கான்கிரீட்டில் புதைத்த போல்ட்டுகளின்மேல் அதை நிறுத்துகிறார்கள். உத்தரம் வந்து சேரும்வரை, குறுக்குத் தாங்கி பூட்டும்வரை, அது காற்றின் தயவில் நிற்கிறது. முழுக் கட்டடத்துக்கு வரைந்த கணக்கு, பாதிக் கட்டடத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கணக்கு வேண்டும். எந்த உறுப்பு முதலில், எது அடுத்து என்னும் வரிசை எழுத்தில் வேண்டும். தற்காலிகத் தாங்கிகளை எப்போது கழற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டும்.

இவை வெறும் அறிவுரைகளல்ல. பல நாடுகளில் சட்டங்கள். அமெரிக்காவில் 2001-இல் வெளியிட்ட விதிகளைப் பார். கான்கிரீட் இறுகி, குறித்த வலிமையில் 75 விழுக்காட்டையோ, சுமக்கவேண்டிய எடைக்குப் போதுமான வலிமையையோ எட்டிவிட்டது என்று எழுத்தில் தெரிவித்த பிறகே எஃகு எழவேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் குறைந்தது நான்கு அடிப்போல்ட்டுகள் வேண்டும். உத்தரத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் குறைந்தது இரண்டு போல்ட்டுகள் பூட்டும்வரை, கிரேன் தன் பிடியை விடலாகாது. அலுவலகத்தில் படித்தால் சிறு வரிகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீழ்ந்த பிறகு எழுதப்பட்ட வரி!

தற்காலிகம் என்னும் சொல்லே எமன். 1958 ஜூன் 17-ஆம் நாள், கனடாவின் வான்கூவர் நகரில், செகண்டு நேரோசு பாலம் எழும்போது சரிந்தது. காரணம், பாலத்தின் உறுப்பு அன்று. அதைத் தற்காலிகமாகத் தாங்கிய முட்டின் அடியிலிருந்த உத்தரங்களைக் கணித்ததில் நேர்ந்த பிழை. 18 தொழிலாளர் மாண்டனர். தேடச்சென்ற முக்குளிப்பவர் ஒருவரும் பின்னர் உயிரிழந்தார். 1994-இல் அந்தப் பாலத்துக்கு எஃகுத் தொழிலாளர் நினைவுப் பாலம் என்றே பெயர் சூட்டினார்கள்.

‘அவை பழைய காலம், படிப்பு வளர்ந்துவிட்டது’ என்பாரும் உளர். அவர்களை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கு அழைத்துச் செல். வெஸ்ட்கேட் பாலம், 1970 அக்டோபர் 15.

அங்கே ஒரு தாங்கலை நீளவாக்கில் இரண்டு பாதிகளாகச் செய்து, உயரே ஏற்றி, ஒன்றோடொன்று இணைக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். இணைக்கும் வேளையில் ஒரு பாதி மற்றதைவிட நாலரை அங்குலம் உயர்ந்து நின்றது. உயர்ந்ததைத் தாழ்த்த, ஒவ்வொன்றும் எட்டு டன் எடையுள்ள பத்துக் கான்கிரீட் பாளங்களை அதன்மேல் ஏற்றினார்கள். தட்டு மடிந்து புடைத்தது. புடைப்பை நீக்க, இணைப்பிலிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். முப்பதுக்கு மேல் கழற்றிய நிலையில் புடைப்பு பரவியது. நண்பகல் நெருங்கும் வேளையில் ஏறத்தாழ 2,000 டன் எடையுள்ள தாங்கல் சரிந்தது. மாண்டவர் 35 பேர். மேலே நின்றவர்கள் மட்டுமல்லர். பாலத்துக்கு நேர் கீழே அமைத்திருந்த ஓய்வுக் குடில்களில் இருந்தவர்களும்! களப் பொறியாளரும் மாண்டவர்களுள் ஒருவர்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான், வேல்சு நாட்டில் இதே வகைப் பாலம் ஒன்று கட்டும்போதே வீழ்ந்து நால்வர் இறந்திருந்தனர். வடிவமைத்தவர்களும் அதே நிறுவனத்தினர். மெல்பர்ன் தொழிலாளர் கவலையுற்றுக் கேட்டார்கள்; கவலை வேண்டா என்ற மறுமொழி கிடைத்தது. கட்டும் பொறுப்பு இடையிலே ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியிருந்தது. யார் எதற்குப் பொறுப்பு என்பது அங்கே கலங்கிய குட்டையாக இருந்தது. நாலரை அங்குலத்தைச் சரிசெய்ய மெனக்கெட்டார்கள். அந்த நேரத்தில் கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை!

கியூபெக்கில் இரண்டேகால் அங்குலம். மெல்பர்னில் நாலரை அங்குலம். இரண்டு இடங்களிலும் எஃகு முன்கூட்டியே சொல்லிற்று. இரண்டு இடங்களிலும் கண்டவர் இருந்தனர். இரண்டு இடங்களிலும், கண்டவரின் வாய்ச்சொல்லுக்கு வேலையை நிறுத்தும் வலிமை இல்லை.

இதற்கு மருந்து உண்டா? உண்டு, தோழனே! அது அதே களத்தில், அன்றாடம், எல்லார் கண்முன்னும் நடக்கிறது. கிரேன் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘திருப்பு’ என்று சைகை காட்ட ஒரே ஒருவரைத்தான் அமர்த்துவார்கள். பத்துப் பேர் கை காட்டினால் பாரம் தடுமாறும்; ஆகவே ஒருவர். ஆனால், ‘நிறுத்து’ என்னும் சைகையை யார் வேண்டுமானாலும் காட்டலாம்! சிமெண்டு மூட்டை சுமப்பவன் காட்டினாலும், நேற்று வேலைக்கு வந்த சிற்றாள் காட்டினாலும், கிரேன் ஓட்டுநர் அக்கணமே நிறுத்தியாகவேண்டும். யார் காட்டியது என்று பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. இது விதி.

எத்துணை நுட்பம் பார்! இயக்குவதற்கு ஒருவர், நிறுத்துவதற்கு அனைவரும். ஒழுங்கும் கெடவில்லை, உயிரும் கெடவில்லை. கிரேனுக்கு இருக்கிற இந்த விதியைக் களம் முழுமைக்கும் விரிவாக்கு என்பதுதான் நமது கோரிக்கை.

‘ஆளுக்கு ஆள் நிறுத்து என்றால் வேலை நடக்குமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மறுமொழி சொல்லவேண்டிய கேள்விதான். நாட்கூலிக்கு உழைப்பவன், நின்ற வேலைக்குக் கூலி கிடைக்குமோ என்று அஞ்சுகிறவன், விளையாட்டுக்காக நிறுத்தமாட்டான். அவன் நிறுத்தினான் என்றால், கூலியைவிடப் பெரியதொன்றைக் கண்டுவிட்டான் என்று பொருள். ஆகவே நிறுத்திய நேரத்துக்கும் கூலி கொடு. நிறுத்தியவன் பெயரைப் பழிவாங்கும் ஏட்டில் எழுதாதே. தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, எழுத்தில் கையொப்பமிட்ட பிறகு தொடங்கு. நிறுத்துவது எளிதாக இருக்கட்டும். மீண்டும் தொடங்குவது கடினமாக இருக்கட்டும். இன்று பல களங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு!

‘நாள் தள்ளினால் நட்டம்’ என்பார்கள். நட்டக் கணக்கையே பார்ப்போம். கியூபெக்கில் ஒருநாள் நிறுத்த மனமில்லை. பாலம் முடியப் பத்தாண்டு ஆயிற்று. மெல்பர்னில் நாலரை அங்குலத்துக்குக் குறுக்குவழி தேடினார்கள். அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1978-இல்! அவசரம் மிச்சப்படுத்திய நாள்கள் எத்தனை என்று அந்தக் கணக்கர்களே சொல்லட்டும்.

உலகத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் வகுத்த 155-ஆம் ஒப்பந்தம் ஒன்று சொல்கிறது: உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளிக்கு, அதன் பொருட்டுத் தண்டனை நேராமல் காப்பு அளிக்கவேண்டும். கட்டுமானத் தொழிலுக்கென்றே 1988-இல் வந்த 167-ஆம் ஒப்பந்தம், விலகும் அந்த உரிமையோடு, மேலாளரிடம் உடனே தெரிவிக்கும் கடமையையும் சேர்க்கிறது. ஆபத்து உடனடியானால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றும் பொறுப்பை முதலாளியின் தோளில் வைக்கிறது. 155-ஆம் ஒப்பந்தத்தை 2022-இல் அடிப்படை உரிமைகளின் வரிசையில் ஏற்றினார்கள். ஏட்டில் ஏறிவிட்டது உரிமை. ஏணியில் ஏறுகிறவனிடம் அது போய்ச் சேர்ந்ததா? அல்லது அந்தத் தந்தியைப்போல் வேறோர் ஊருக்குப் போய், மேசைமேல் கிடக்கிறதா?

நம் வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் எஃகுச் சட்டங்களின்மேல் நின்று உழைக்கிறார்கள். நம் ஊர்க் களங்களிலோ வடபுலத்துப் பிள்ளைகள் வந்து உழைக்கிறார்கள். அங்கே நம் பிள்ளைக்கு ‘நிறுத்து’ என்ற சொல் அவன் மொழியில் தெரிவிக்கப்படவேண்டும் என்று விரும்புகிறோமே, இங்கே வந்திருக்கும் அந்தத் தாயின் பிள்ளைக்கும் அவன் மொழியில் அது தெரிவிக்கப்படவேண்டாமா? உச்சியில் நிற்பவனுக்கு முதலில் கற்றுத் தரவேண்டிய சொல் அதுதான்.

தலைமை என்பது தொலைவிலிருந்து ஆணையிடுவதன்று; கீழிருந்து வரும் குரலுக்குக் காது கொடுப்பது. கூப்பரிடம் அறிவு இருந்தது, அனுபவம் இருந்தது, புகழ் இருந்தது. களத்தில் கால் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் மற்ற மூன்றும் பயனற்றுப் போயின. பாலம் கட்டுகிறவர்களுக்கு மட்டுமா இந்தப் பாடம்? இயக்கம் கட்டுகிற நாமும் படித்துக்கொள்வோம்.

தோழனே! உன் ஊரில் நாளை ஓர் எஃகுச் சட்டம் எழும். பாலமோ, ஆலைக் கூரையோ, அடுக்குமாடியோ, ஏதோ ஒன்று. நீ அங்கே தொழிலாளியாக நிற்கலாம். தொழிற்சங்கத்தின் சார்பில் செல்லலாம். ஊராட்சியில் உறுப்பினராக இருந்து பார்வையிடலாம். எத்தனை டன், எத்தனை கோடி, திறப்புவிழா என்றைக்கு என்று எல்லாரும் கேட்பார்கள். நீ வேறு கேள். இன்று எந்த உறுப்பு ஏறுகிறது, அதன் வரிசை எழுத்தில் இருக்கிறதா என்று கேள். பாரத்துக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று கேள். தற்காலிகத் தாங்கியைக் கணித்தவர் யார், அதைச் சரிபார்த்த இரண்டாமவர் யார் என்று கேள். பிறகு, உச்சியில் நிற்கும் ஒருவனைக் கீழே அழைத்து, அவன் தோளில் கை வைத்து, ‘தம்பி, ஆபத்தைக் கண்டால் இந்த வேலையை நிறுத்த உனக்கு உரிமை உண்டா?’ என்று கேள்.

‘உண்டு’ என்று அவன் தயங்காமல் சொன்னால், அந்தக் களத்தை வாழ்த்திவிட்டு வா. அவன் பதில் சொல்லாமல் மேலாளர் முகத்தைப் பார்த்தால், அங்கேயே நில். உன் பணி அங்கே தொடங்குகிறது!